சிங்கம் எவ்வளவு தூரத்தில் நிற்கும்?

அன்பும் பொறுமையும் நிறைந்த என் மைத்துனருக்கு, உங்கள் அக்காவைக் கட்டிக்கொண்டு இன்னமும் உயிரோடு இருக்கும் அத்தான் எழுதிக்கொள்வது.

அங்கே நீங்கள், தங்கச்சி, குழந்தைகள் எல்லோரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கேயும் அப்படியே என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் கையெழுத்துப் போடும் தாளில் பொய் எழுதக் கூடாது என்பது ஆலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்த காலத்திலேயே ஊறிப்போன பழக்கம். சௌக்கியமில்லை மாப்பிள்ளை. வேளாவேளைக்குச் சாப்பாடு வருகிறது, பேச்சுதான் வருவதில்லை.

உங்கள் அக்காவைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போய் வந்தது உங்களுக்குத் தெரியும். அவர் சொன்னதை மட்டும் போனில் உங்களிடம் மழுப்பிவிட்டேன். "பார்வை இனிமே தேறாதும்மா, குறையத்தான் செய்யும். எவ்வளவு சீக்கிரம்னு என்னால சொல்ல முடியாது. ஆசைப்பட்டதை எல்லாம் இப்பவே பாத்துடுங்க" என்றார். அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் உங்கள் அக்கா சொன்னாள்: "எனக்கு வெளிநாட்டுக் காட்டுல சிங்கம் பாக்கணும். ஒட்டகச்சிவிங்கி நடக்கறதைப் பாக்கணும். சாயங்காலம் ஆனா அந்த ஊர் ஜனங்க மேளம் அடிச்சு ஆடறதைப் பாக்கணும்." தனக்கென்று ஒரு குடைகூடக் கேட்டு வாங்காதவள் இப்படிக் கேட்டால் நான் என்ன சொல்வேன்? "போயிட்டு வரலாம், இடத்தை மட்டும் பாத்து முடிவு பண்ணுவோம்" என்றேன். அந்த வாய்தான் என் தலையெழுத்து.

மறுநாளே டிராவல்ஸ் அலுவலகத்துக்குப் போனோம். அங்கே ஒரு பெண், பாவம், நல்ல பெண், சிரித்த முகமாக மூன்று நாடுகளின் படப்புத்தகங்களை மேஜையில் பரப்பினாள். முதல் நாட்டில் காட்டுக்கு நடுவிலேயே கூடாரம். யானைகள் கூடாரத்தை உரசிக்கொண்டு போகுமாம், அதை ஒரு பெருமையாகச் சொன்னாள். அவசர வழி எங்கே என்று கேட்டேன். "சார், அது கூடாரம். எந்தப் பக்கம் வேணும்னாலும் தூக்கிட்டு வெளிய வரலாம்" என்றாள். "அப்போ சிங்கமும் எந்தப் பக்கம் வேணும்னாலும் தூக்கிட்டு உள்ள வரலாம், இல்லையா? சிங்கம் எவ்வளவு தூரத்துல நிக்கும்?" என்று கேட்டேன். அவள் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். அங்கே மேளக் கச்சேரி வேறு உண்டு, காதுக்கு அடைப்பான் தருவார்களா என்றேன், அவள் இரண்டாவது புத்தகத்தை எடுத்தாள். இரண்டாவது நாட்டில் ஆறு, படகு, நீர்யானை. நீர்யானை படகைக் கவிழ்க்குமா என்றேன். "எப்பவாவது சார்" என்றாள். ஆலையில் நான் எழுதிய விபத்து அறிக்கை அத்தனையும் 'எப்பவாவது'தான் மாப்பிள்ளை, தினமும் நடப்பதற்கு யார் அறிக்கை எழுதுகிறார்கள்? மூன்றாவது நாட்டில் மலைமேல் பழைய கல்நகரம், செங்குத்தான படிகள், கைப்பிடி கிடையாது. "ஆயிரம் வருஷமா ஜனங்க ஏறிட்டுத்தான் சார் இருக்காங்க" என்றாள். "ஏறினவங்க யாராவது இப்ப உயிரோட இருக்காங்களா?" என்று கேட்டேன். அந்தப் பெண் சிரிப்பதை அத்தோடு நிறுத்திவிட்டாள்.

இப்படியே மறுபடி மறுபடி போனோம், அவளும் புதுப்புது நாடுகளாக எடுத்துப் போட்டாள், நானும் ஒவ்வொன்றிலும் ஓட்டை கண்டுபிடித்தேன். கடைசியில் எங்களைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே பார்த்ததும் அவள் சாப்பிடப் போய்விடுவாள், காலை பத்து மணிக்குக்கூட. உங்கள் அக்கா என்ன செய்வாள் என்கிறீர்களா? படப்புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டுவாள். என்ன கேட்டாலும் "நீங்களே பாருங்க" என்பாள். இப்போதெல்லாம் என்னிடம் பேசும்போது முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொள்கிறாள். சுவரோடு பேசுகிறாளா, என்னோடு பேசுகிறாளா என்றே தெரிவதில்லை. அத்தனை கோபம்! சமையலறை வாசலில் நின்று "என்னை ஒரு தடவை நேராப் பாரேன்" என்றுகூடக் கெஞ்சிவிட்டேன். அவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

போன வாரம் எனக்கு ஒரு யோசனை உதித்தது. பக்கத்து நகரத்தில் பெரிய விலங்குக்காட்சிச் சாலை இருக்கிறது, எதிரிலேயே அருங்காட்சியகம். படிகளுக்குக் கைப்பிடி உண்டு, வாசலில் ஆம்புலன்ஸ் நிற்கிறது, நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மிருகத்துக்கு மிருகம், கலாசாரத்துக்குக் கலாசாரம், சாயங்காலமே வீடு திரும்பலாம். ஆசையாக வந்து சொன்னேன். கேட்டுவிட்டு, "கூண்டுக்குள்ள இருக்கறதைப் பாக்கறதுக்கு அவ்வளவு தூரம் போகணுமா? நான் கண்ணாடி முன்னாடி நின்னாப் போதுமே" என்றாள். எனக்கு முகம் செத்துப்போயிற்று.

உங்களிடம் மறைப்பானேன். எனக்குச் சிங்கத்தைக் கண்டு அவ்வளவு பயமில்லை. அவள் கேட்டது அத்தனையையும் காட்டி முடித்து, வீடு திரும்பி, பெட்டியை இறக்கி வைத்த பிறகு என்ன இருக்கிறது? டாக்டர் சொன்னது மட்டும்தானே பாக்கி? இடத்தைத் தேடிக்கொண்டே இருந்தால் அந்த நாள் வாசலிலேயே நிற்கும் என்று ஒரு கிறுக்குப் புத்தி. ஆகவே மாப்பிள்ளை, நீங்கள் சொன்னால் அவள் கேட்பாள். அடுத்த வருஷம் போகலாம், இப்போது அங்கே மழைக்காலம், வெயில்காலம், ஏதோ ஒரு காலம் என்று உங்கள் வாயால் சொல்லி, அவள் மனதை எப்படியாவது மாற்றிவிடுங்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

தங்கச்சிக்கு என் அன்பு. குழந்தைகள் நோய்நொடி இல்லாமல், நல்ல கண்ணும் நல்ல காலுமாக நூறாண்டு வாழ வேண்டும் என்று மாமா வாழ்த்தியதாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசித்துப் பழகிய உங்கள் அத்தான்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். தப்பித்தவறிக்கூட அவளிடம் வாயைத் திறந்துவிடாதீர்கள். அன்றைக்கு எழுதி முடித்து, கடிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு உறை எடுக்கப் போனேன். திரும்பி வந்தால் உங்கள் அக்கா அதைக் கையில் வைத்திருக்கிறாள். சரி, தொலைந்தோம் என்று நின்றேன். தாளை என்னிடம் நீட்டி, "நீங்களே படிச்சுக் காட்டுங்க" என்றாள். "ஏன், உன் கண்ணாடி எங்கே?" என்றேன். "கண்ணாடி போட்டுத்தான் இருக்கேன்" என்றாள்.

எழுத்து போய்விட்டது மாப்பிள்ளை. எப்போதோ போய்விட்டது. நேராகப் பார்த்தால் நடுவில் ஒரே புகை, ஓரத்தில்தான் கொஞ்சம் தெரிகிறதாம். அந்தப் படப்புத்தகங்களை எல்லாம் அவள் சும்மா புரட்டிக்கொண்டிருந்தாள். என்னிடம் முகத்தைத் திருப்பியதும் கோபத்தில் இல்லையாம், அப்படித் திருப்பினால்தான் என் மூஞ்சி தெரியுமாம். "ஏன்டி என்கிட்ட சொல்லலை?" என்று கத்திவிட்டேன். "சொன்னா, காட்டுல எனக்கு என்ன தெரியும்னு கேட்டு அதையும் நிறுத்திடுவீங்க" என்றாள். நான் முழுக் கடிதத்தையும் படித்தேன். பாதியில் அவள்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

யானை கூடாரத்தை உரசும் அந்த முதல் இடத்துக்கே பதிவு செய்தாகிவிட்டது. "கிட்ட வந்தாத்தான் எனக்கு அசையறது தெரியும். அசையறது என்னன்னு நீங்க சொல்லணும். மேளத்தை நான் கேட்டுக்கறேன்" என்கிறாள். நேற்று ஜன்னலில் நிறுத்தி வானத்தைச் சொல்லச் சொன்னாள். சிவப்பு என்றேன். "எப்படிச் சிவப்பு?" என்றாள். ஆலையில் எனக்குச் சிவப்பு என்றால் ஆபத்து, மஞ்சள் என்றால் எச்சரிக்கை, அதற்கு மேல் நிறமே தெரியாது. நீங்கள் பெயிண்ட் கடை வைத்திருப்பவர். நிறத்துக்கெல்லாம் பெயர் போட்டு ஓர் அட்டை வைத்திருப்பீர்களே, அதில் ஒன்றை உடனே அனுப்பி வையுங்கள். கிளம்புவதற்குள் மனப்பாடம் செய்துவிடுகிறேன்.