மாட்டுக் கொட்டகையில் மத்லேன்

காரைக்கால்
19-8-1978

சிரஞ்சீவி நீலகண்டனுக்கு உன் அப்பா தெட்சிணாமூர்த்தி அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் அம்மா, உன் மனைவி சுசான் மூவரும் நலம். நாலாவது ஆள் உள்ளே இருந்தபடி நன்றாக உதைப்பதாகத் தகவல். பசுமாடும் நலம்; அதற்கும் இந்த விவகாரத்தில் பங்கு உண்டு என்பதால் சேர்த்துச் சொல்கிறேன். உன் கப்பல் இப்போது எந்தத் துறைமுகத்தில் நிற்கிறதோ தெரியாது. எங்கே நின்றாலும் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு சௌக்கியமாக இருக்க வேண்டுமென்று சனிக்கிழமை திருநள்ளாறு போய் எள் விளக்கு ஏற்றிவிட்டு வந்தேன்.

நிற்க. உன் கடிதம் வந்தது. சுசான் இங்கே சாப்பிடாமல் இளைத்துப்போகிறாள் என்று நான் பதறி எழுதியதை நம்பி, மாதக் கடைசிக்கு அவளுக்கு விமான டிக்கெட் எடுத்துவிடுவதாகவும், குழந்தை அவள் அம்மா ஊரிலேயே பிறக்கட்டும் என்றும் எழுதியிருந்தாய். அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வீட்டில் ஒரு குழந்தை அழுது இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. கடைசியாக அழுதவன் நீ. பேரனோ பேத்தியோ இங்கே பிறக்கப்போகிறது என்ற தைரியத்தில் கூடத்துக்கு வெள்ளையடித்து, பரணிலிருந்த தொட்டிலை இறக்கி எண்ணெய்கூடப் போட்டுவிட்டேன். ஆகவே சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். டிக்கெட் எடுக்க வேண்டாம். உன் மனைவி சாப்பிடுகிறாள். சாப்பிட வைத்தவன் நான். எப்படி என்பதைச் சாவகாசமாகப் படி.

சுசான் வந்த முதல் பத்து நாள் நிலவரம் உனக்கு எழுதியிருந்தேன். இலையில் எதை வைத்தாலும் இரண்டு வாய், அப்புறம் ஒரு கும்பிடு. வத்தக்குழம்பைப் பார்த்துக் கும்பிடு, கத்தரிக்காய்க் கூட்டைப் பார்த்துக் கும்பிடு, மோர் வருவதற்குள் எழுந்தே விடுவாள். உன் அம்மாவோ, நீ எங்களுக்குச் சொல்லாமல் கல்யாணம் பண்ணிக்கொண்ட நாளிலிருந்து மூன்று வருஷமாக உனக்கு ஒரு வரி எழுதாதவள், இவளையும் 'அந்தப் பொண்ணு' என்பதற்கு மேல் சொல்வதில்லை. சாதத்தை வைப்பாள், உள்ளே போய்விடுவாள். ஆகவே விசாரணையை நானே நடத்த வேண்டியதாயிற்று. என் பிரெஞ்சு உனக்குத் தெரியும், பிரெஞ்சுக்காரன் காலத்து ஆபீசில் பதினாறு வருஷம் மனு எழுதிக் கற்றது, வேறு பிரெஞ்சு எனக்கு வராது. தங்கள் பசியின் தற்போதைய நிலையைத் தெரியப்படுத்துமாறு மிகுந்த பணிவுடன் விண்ணப்பித்துக்கொள்கிறேன் என்று கேட்டேன். அந்தப் பெண் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டாள். உட்காரச் சொல்லி, தங்கள் தாயார் இல்லத்தில் பிற்பகல் நாலு மணிக்கு வழங்கப்படுவது யாது என்றேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அம்மா மத்லேன் செய்வாள் என்று ஆரம்பித்தாள். எனக்கு அது போதும். குடையை எடுத்துக்கொண்டு பூமிநாதன் வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டேன்.

பூமிநாதனை மறந்திருக்க மாட்டாய். மூன்றாம் வீட்டு சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோனில் சமையல்கட்டிலேயே காலத்தை ஓட்டிவிட்டு, துப்பாக்கி பிடித்தவர் மாதிரி மீசை வைத்துக்கொண்டிருப்பவர். மத்லேன் என்றால் உள்ளங்கைக்குள் அடங்குகிற கேக், முட்டையும் சர்க்கரையும் மைதாவும் உருக்கின வெண்ணெயும் எலுமிச்சம்பழத் தோலைத் துருவினதும் சேர்ந்தது, ஆனால் ஒரு பக்கம் சிப்பி மாதிரி வரி வரியாகத் தெரிய வேண்டும், மறுபக்கம் நடுவில் காளையின் திமில் மாதிரி உப்பி நிற்க வேண்டும், திமில் இல்லாவிட்டால் எந்தப் பிரெஞ்சுக்காரியும் தொட மாட்டாள் என்று சொன்னார். சொல்லிவிட்டு, இதெல்லாம் மனு எழுதுற கைக்கு ஆகாது என்று மீசைக்குள் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புதான் என்னைக் கிளப்பிவிட்டது.

முட்டை என்றதும் உன் அம்மா கொல்லை வாசற்படியில் கையை நீட்டி மறித்துவிட்டாள். மூன்று தலைமுறையாக முட்டை நுழையாத வீடு. "முட்டை இந்தப் படியத் தாண்டிச்சுன்னா நான் பூவத்துக்கு எங்க அண்ணன் வீட்டுக்குக் கெளம்பிடுவேன்" என்றாள். போய்விட்டால் எனக்கு யார் சமைப்பது? ஆகவே மாட்டுக் கொட்டகையில் ஒரு பக்கத்தைக் கழுவி, ஓலைத்தட்டி வைத்து மறைத்து, நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கக் கடலோரக் கருக்களாச்சேரியிலிருந்து வருகிற அஞ்சுகத்தை முட்டைக்கு அதிகாரியாக நியமித்தேன். அச்சுக்கு எங்கே போவது என்ற கேள்வி வந்தது. சிப்பி வடிவம்தானே, கடலோரத்தில் இருந்துகொண்டு சிப்பிக்கா பஞ்சம் என்று, அஞ்சுகத்தை விட்டே பெரிய சிப்பியாக இரண்டு டஜன் பொறுக்கிவரச் சொல்லி, கழுவி, வெண்ணெய் தடவி, மாவை ஊற்றி, தணலிலேயே வைத்து மேலேயும் தணலைக் கொட்டி ஒரு மணி நேரம் விசிறினேன். விசிறியை வைத்துவிட்டுக் கிளறிப் பார்த்தால் கேக் கரியாகி, சிப்பி வெள்ளை வெளேரென்று பொரிந்து கிடக்கிறது. அஞ்சுகம் ஒன்றை எடுத்துத் தண்ணீர் தெளித்துப் பார்த்துவிட்டு, "அய்யா, சுண்ணாம்பு நல்லா நீறுது, ஆறு மாசத்துக்கு வெத்தலைக்கு ஆவும்" என்றாள். உன் அப்பா காரைக்காலில் முதல் மத்லேன் செய்யப் போய்ச் சுண்ணாம்புக் காளவாய் போட்டான்.

நான் அசரவில்லை. தகர வேலை செய்யும் காத்தமுத்துவைக் கூப்பிட்டு, ஒரு சிப்பியை வைத்து அதன்மேல் தகரத்தைத் தட்டச் சொல்லிப் பன்னிரண்டு அச்சு செய்துகொண்டேன். நெல் அவிக்கிற பழைய அண்டாவில் மணலைப் பரப்பிச் சூடாக்கி, மூடிமேல் தணல் போட்டால் அதுவே பிரெஞ்சு அடுப்பு என்று ஆயிற்று. ஆனால் கெட்டது மாவில். மாவைக் கரைத்துச் சில மணி நேரம் மூடி வைக்க வேண்டும் என்று பூமிநாதன் சொல்லியிருந்தார். நம் வீட்டில் மாவை எதற்கு மூடி வைப்போம்? புளிக்கத்தானே. உன் அம்மா இட்லி மாவுக்குச் செய்கிற மாதிரியே ஒரு கை உப்புப் போட்டு, கையாலேயே கலக்கி, சூடாறாத அடுப்போரமாக மறுநாள் காலைவரை வைத்தேன். காலையில் மாவு மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றது. அந்த நாற்றத்துக்குப் பசுமாடு கயிற்றை அறுத்துக்கொண்டு பூமிநாதன் தோட்டத்துக்குள் போய்விட்டது. மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தவர் பாத்திரத்தைப் பார்த்துவிட்டு மாட்டைக் கட்டக்கூட மறந்து சிரித்தார். குளிர்ச்சியில் வைக்க வேண்டுமாம். நம்மிடம் பிரிட்ஜ் ஏது? புதிதாக மாவு கரைத்து, தூக்குவாளியில் ஊற்றிக் கயிறு கட்டித் தோட்டத்துக் கிணற்றில், தண்ணீர் தொடாமல் ஒரு முழம் மேலே தொங்கவிட்டு, காலை பத்திலிருந்து மூன்று மணிவரை பக்கத்தில் உட்கார்ந்து காவல் இருந்தேன்.

அன்றைக்கு நடந்ததைக் கேள். மூன்று நாளாகக் கொட்டகைப் பக்கம் திரும்பியும் பார்க்காத உன் அம்மா, நான் கேட்காமலேயே வெண்ணெயை உருக்கி ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து கொல்லைப்படியில் வைத்தாள். எட்டிப் பார்த்தால், நெய்க்குக் காய்ச்சுவது போலச் சிவக்கச் சிவக்கக் காய்ச்சி, முருங்கைக்கீரை ஒரு கொத்தும் போட்டிருக்கிறாள். பிரெஞ்சுப் பலகாரத்தில் முருங்கைக்கீரைக்கு என்ன வேலை என்று எனக்குக் கோபம். வேறு வெண்ணெய் வீட்டில் இல்லாததால் கீரையை எடுத்துப் போட்டுவிட்டு அதையே ஊற்றினேன். நாலு மணிக்கு அண்டா மூடியைத் தூக்கினேன், வாசனை மூன்றாம் வீட்டுக்குப் போய்விட்டது. பூமிநாதன் கூப்பிடாமலே வந்தார். ஒன்றை எடுத்து வரியைப் பார்த்தார், திருப்பித் திமிலைத் தடவினார், வாயில் போட்டார். "வெண்ணெயச் செவக்க வுடணும்னு நான் சொல்ல மறந்துட்டேனே, ஒங்களுக்கு யாரு சொன்னா?" என்று கேட்டார். இதுகூடத் தெரியாதா எனக்கு என்று சொல்லிவிட்டேன். உன்னிடம் மறைப்பானேன்.

தட்டை நானே ஏந்திக்கொண்டு போய், கொல்லையில் உட்கார்ந்திருந்த சுசான் முன்னால் நின்றேன். பூமிநாதன் தின்றது போக மிச்சம் பதினொன்றும் பதினொரு திமிலோடு இருந்தன. அவள் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கண் கலங்கிவிட்டது. ஒன்பது தின்றாள். எண்ணினேன். அன்றிலிருந்து தினமும் கொட்டகையில் அடுப்பு எரிகிறது. காலை பதினொரு மணிக்கு அஞ்சுகத்தோடு கடலோரம் காற்று வாங்கப் போகும்போதும் எட்டு மத்லேனைக் காகிதத்தில் சுற்றிக் கையோடு கொண்டுபோகிறாள். மத்தியானம் இலையில் இன்னமும் இரண்டு வாய்தான். வயிற்றில் மத்லேன் இருக்கும்போது சோறு எங்கே போகும்? நேற்று லேடி டாக்டர் எடை பார்த்தார், போன தடவைக்கு இரண்டு கிலோ கூடியிருக்கிறது. இப்படியே போகட்டும் என்று சொன்னார். எனக்கு அங்கேயே கூத்தாட வேண்டும் போலிருந்தது. அறுபத்தோரு வயதில் கரண்டி பிடித்து ஒரு பேரக்குழந்தையை ஊரை விட்டுப் போகாமல் நிறுத்தியவன் இந்தக் காரைக்காலில் என்னைத் தவிர யாராவது இருந்தால் காட்டு.

உடம்பைப் பார்த்துக்கொள். கப்பலில் மேல்தளத்தில் நனையாதே. ஒரு குறையும் இல்லாமல் நீங்கள் மூவரும் நூறு வயது வாழ வேண்டும்.

ஆசிகளுடன்,
தெட்சிணாமூர்த்தி

பி.கு. உறையை ஒட்டுவதற்கு முன் உன் அம்மாவுக்கு இதை உரக்கப் படித்துக் காட்டினேன். இரண்டு கிலோ என்ற இடம் வந்ததும், அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல், "அந்த ரெண்டு கிலோவும் வஞ்சிரம்ங்க" என்றாள். விசாரித்ததில் தெரியவந்தது இது. சுசான் கடலோரத்து ஊர்க்காரியாம், மீன் இல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காதாம். நான் உனக்குப் பதறி எழுதின மறுநாளே உன் அம்மா அதைக் கண்டுபிடித்து, தினமும் பதினொரு மணிக்கு அஞ்சுகம் வீட்டுக்கு அவளை அனுப்பி, வயிறு நிறைய மீன்குழம்பும் சோறும் போடச் சொல்லியிருக்கிறாள். சைவ வீட்டில் இப்படியா என்றேன். "வயித்துப்புள்ள கேக்குதுங்க, அதுக்கிட்ட போயி நம்ம சைவம்னு சொல்ல முடியுமா?" என்றாள். பிறகு சுசானை அழைத்து மத்லேன் குறித்து விளக்கம் கோரினேன். அன்றைக்கு நான் குடையை எடுத்துக்கொண்டு ஓடியதால் பாதியில் நின்றுபோன வாக்கியத்தை முடித்துவைத்தாள்: அம்மா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மத்லேன் செய்ததால் பத்து வயதிலேயே அவளுக்கு அது அலுத்துவிட்டதாம். ஒன்பது தின்றது, நான் சட்டையெல்லாம் சாணியோடு தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றதற்காகவாம். கண் கலங்கினது கொட்டகைப் புகை. காகிதப் பொட்டலம் தினமும் அஞ்சுகம் வீட்டுக்குப் போயிருக்கிறது, அங்கே டீயில் நனைத்துத் தின்கிறார்களாம், நன்றாக இருக்கிறதாம். மேலே எழுதியது எதுவும் நிற்கவில்லை. எல்லாவற்றையும் கிழித்துவிட்டு, டிக்கெட் எடுக்க வேண்டாம் என்ற ஒரு வரியை மட்டும் அனுப்பட்டுமா என்று உன் அம்மாவைக் கேட்டேன். முறத்தைக் கீழே வைத்தாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு உனக்கு அவள் சொன்ன சேதி, சொன்னபடியே எழுதுகிறேன்: "டிக்கெட்டு எடுக்கத்தான் சொல்லுங்க. எம் மருமவளுக்கு இல்ல, அவனுக்கு. ஐப்பசியில வளைகாப்பு வச்சிருக்கேன், வந்து சேரட்டும்."