புரிந்துணர்வுச் சான்றிதழ்

உலகில் எத்தனையோ நகராட்சிகள் சாலை போட்டிருக்கின்றன, சாக்கடை வெட்டியிருக்கின்றன. ஆனால் வாசிக்கச் சிரமப்படுகிறவர்களை 'முழுமையாகப் புரிந்துகொள்வது' என்று தீர்மானம் கொண்டுவந்து, அதை ஒருமனதாக நிறைவேற்றிய பெருமை டென்மார்க்கின் அந்தச் சின்னத் துறைமுக ஊருக்கே சேரும்.

தீர்மானத்தின் கருணைப் பார்வை முதலில் ப்ரேபன் மீது விழுந்தது. அவர் நூலகத்தின் பராமரிப்பு ஆள். சாவி, குழாய், பல்பு எல்லாம் அவர் பொறுப்பு. எழுத்துகள் மட்டும் அவர் பேச்சைக் கேட்காது. சிறு வயதிலிருந்தே வரிக்கு வரி மல்லுக்கட்டித்தான் வாசிப்பார். பதினோரு வருடமாகப் புதன்கிழமை மதியம், நூலகத்தின் கொதிகலன் அறையில் தன்னைப் போன்ற எட்டுப் பேருக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்து, அந்த மல்லுக்கட்டைச் சொல்லிக்கொடுத்து வந்தார். இனி அதற்குச் 'சான்றிதழ்' வேண்டும் என்றது நகராட்சி. இல்லையென்றால் கூட்டத்துக்கு மூடுவிழா. ப்ரேபன் சான்றிதழ்ப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தார். அந்த எட்டுப் பேரை விட்டால் அவருக்கும் வேறு போக்கிடம் இல்லை.

பயிற்சி ஒரு நாள். அந்த நாட்டுக் கூட்டங்களின் வழக்கப்படி, பாட்டுப் புத்தகத்தை விரித்து எல்லோரும் சேர்ந்து பாடித் தொடங்கினார்கள். ப்ரேபன் புத்தகத்தைத் திறக்கவில்லை. எல்லாப் பாட்டும் மனப்பாடம். பயிற்சி நிபுணர் மெரெட்டே கண்கலங்கப் பேசினார். மதியம் கறுப்பு ரொட்டியும் ஊறவைத்த மீனும். பிறகு எழுத்துத் தேர்வு: அறுபது கேள்வி, இருபது நிமிடம்.

ப்ரேபன் கையைத் தூக்கினார். "மெரெட்டே, கேள்விய யாராவது சத்தமா படிச்சுக் காட்டினா தேவல."

"அது உதவி ஆயிடுமே, ப்ரேபன்."

"உதவிதான் கேக்குறேன்."

"வாசிக்கச் சிரமப்படுறவங்களுக்கு உதவி வேணும்னு உங்களுக்குத் தெரியுதான்னுதானே சோதிக்கிறோம். நானே உதவி பண்ணிட்டா அப்புறம் என்ன சோதனை?"

"கொஞ்சம் நேரமாவது கூடக் குடுங்க."

"ஒன்பதாவது கேள்வியே அதுதான். கூடுதல் நேரம் கேட்டா என்ன செய்வீங்கன்னு. விடைய இப்பவே சொல்லிட முடியுமா?" என்று மெரெட்டே செல்லமாகக் கடிந்துகொண்டார்.

நேரம் முடிந்தபோது ப்ரேபன் நான்காவது கேள்வியில் இருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து அதே தேர்வை எழுதிய நகராட்சிப் பூங்காத் துறைத் தலைவர் வாசிக்கத் தெரியாத ஒருவரைக்கூடத் தம் வாழ்நாளில் பார்த்ததில்லை. அறுபதுக்கு அறுபது வாங்கினார்.

அடுத்த புதன்கிழமை கடிதம் வந்தது. கொதிகலன் அறையில் அதைப் பிடுங்கியவள் மீன்கடை உல்லா. மூன்று வருடமாக வருகிறாள்.

"குடு இங்க. ஒரு தாள முழுசா நான் படிச்சதே இல்ல. இன்னிக்குப் படிச்சுடுறேன்."

"நல்ல சேதியா இருக்காது, உல்லா."

"கெட்ட சேதிக்கும் அதே எழுத்துதானே. நீ காப்பிய ஊத்து, மனுஷா."

விரலை வரியில் வைத்துத் தொடங்கினாள். கால் மணி நேரம் ஆனது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

"'வாசிக்கச் சிரமப்படுவோரை... எப்படி வாசிக்க... வைப்பது என்பது... திரு. ப்ரேபனுக்குத்... தெரியவில்லை. ஆகவே கூட்டம்... இன்றோடு... நிறுத்தப்படுகிறது.' கீழ மெரெட்டே கையெழுத்து. சரியா படிச்சேனா?"

ப்ரேபன் தாளை வாங்கி, தன் விரலையும் வைத்துப் பார்த்தார்.

"ஒரு எழுத்து தப்பில்ல."

மற்ற ஏழு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நகராட்சிக் கடிதம் ஒன்றுக்கு அந்த ஊரில் கைதட்டல் கிடைத்தது அதுவே முதல் தடவை.