ஐஸ்பெட்டி அண்ணனும் தயிர்ச் சட்டிகளும்

மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையிலும் சீனி வருத்தக்காரர்களுக்கு, அதாவது நீரிழிவுக்காரர்களுக்கு, பஞ்சமே இல்லை. நானும் அவர்களில் ஒருவன். ஆனால் அந்த வருத்தத்தைப் புது மருமகனைப் போல வீட்டில் உட்காரவைத்து, தயிரும் இனிப்புப் பாணியும் ஊட்டி வளர்த்த ஒரே மனிதர் ஐஸ்பெட்டி அண்ணன்தான்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. கிளினிக்கில் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். மோட்டார் சைக்கிளின் பின்னால் பெரிய வெள்ளைப் பெட்டியொன்றைக் கட்டிக்கொண்டு, விடிய முன்னமே மீன் எடுத்து, வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவுப் பக்கம் விற்றுத் திரிவார். பெட்டி நிறைய ஐஸ். ஐஸின் மேல் கல்லுப்பைத் தூவினால் குளிர் இன்னும் இறுகும் என்பது அவருடைய தொழில் நுணுக்கம். அவருடைய பாரை மீன் சாயங்காலத்திலும் கண் மினுங்கக் கிடக்கும்.

மீனோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பல்வலியா, ஐஸ். கல்யாண மாலை வாடுகிறதா, ஐஸ். மாப்பிள்ளையின் கழுத்தில் இறால் மணத்தால் அவருக்கென்ன? ஒருமுறை வவுணதீவில் ஒரு பெரியவர் இறந்துபோனார். மகன் கட்டாரிலிருந்து வந்து சேரவேண்டும். யாரும் கூப்பிடாமலே அண்ணன் இரண்டு பெட்டி ஐஸோடு போய் இறங்கிவிட்டார். மகன் வந்து தகப்பனின் மேல் விழுந்து கதறியவன், சற்று நேரத்தில் மூக்கைச் சுருக்கிக்கொண்டு நிமிர்ந்து, "அப்பா கடைசியா மீன் புடிக்கவா போனவரு?" என்று கேட்டானாம்.

"ஐஸில வெச்சா எதுவும் பழுதாகாது தம்பி. உப்பும் போட்டா எமனும் கொஞ்சம் நிண்டுதான் போவான்" என்பார் அண்ணன். அதைச் சிரிக்காமல் சொல்வார். அவருக்கு அது வேதம்.

இனிக் கிளினிக் கதைக்கு வருகிறேன். எங்கள் பக்கத்துச் சீனி வருத்தக்காரர்களுக்கு ஒரு சம்பிரதாயம் உண்டு. கிளினிக் நாள் நெருங்கினால் எல்லோரும் துறவியாகிவிடுவோம். பாகற்காய், குறிஞ்சா இலை, பாலும் சீனியும் போடாத பிளேன்டி. வெறும் வயிற்றோடு போய் இரத்தம் கொடுத்ததும், ஆஸ்பத்திரிக்கு முன்னாலுள்ள தேநீர்க்கடையில் துறவறம் முடியும். அந்தக் கடையில் எங்களுக்கெல்லாம் ராசா ஐஸ்பெட்டி அண்ணன். பணிஸை, அந்த இனிப்பு ரொட்டியை, சீனித் தேநீரில் தோய்த்தபடி, "ரத்தம் குடுத்தாச்சி. இனி மறு கிளினிக் மட்டுக்கும் டொக்டருக்கும் நமக்கும் ஒரு கதையும் இல்ல" என்று தீர்ப்புச் சொல்வார்.

அவருக்கு உயிர் தயிரில். எருமைத் தயிர், சட்டியோடு. மீன் விற்றுத் திரும்பும் வழியில் ஒரு சட்டி வாங்கி, பாணியை ஊற்றி, வீதியோரத்தில் வைத்தே வழித்துவிடுவார். வெறும் சட்டியை எறிய மனம் வராது. வீட்டின் பின்வேலியோரம் தயிர்ச் சட்டிகள் மதிலாக எழும்பி நின்றன. அவருடைய மனைவி, சரசக்கா, வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டுவாள்.

"பாருங்க, இதான் என்ட மனிசன்ட சம்பாத்தியம். வருத்தக்காரன் கட்டின கோட்டை!"

டொக்டர் ஒரு இளம்பெண். பொறுமைசாலி. "ஐயா, இனிப்புச் சாப்பிடுறீங்களா?" என்று கேட்பார்.

"சத்தியமா இல்ல டொக்டர். மாமாங்கப் பிள்ளையார் அறிய இல்ல."

மீசையில் பாணி காய்ந்திருக்கும். அமிர்தகழியில் இருக்கிற பிள்ளையாரை இந்த மனிதர் எத்தனை தரம் பொய்ச்சாட்சிக்கு இழுத்தார் என்று அந்தப் பிள்ளையாருக்கே தெரியாது.

குளிசை மாத்திரைக்கு அடங்காத சீனிக்கு இன்சுலின் ஊசிமருந்து எழுதினார்கள். அண்ணன் அதை வாங்கவே இல்லை. மீனைத் தவிர வேறெதையும் குத்தமாட்டேன் என்று சொல்லித் திரிந்தார். அப்படியிருக்க, ஒரு நாள் வீட்டுக்கு வந்து காலைக் கழுவ உட்கார்ந்தவரின் உள்ளங்காலைப் பார்த்துச் சரசக்கா கத்தினாள். செருப்பைத் துளைத்துக்கொண்டு ஒரு கெளுத்தி முள் ஏறி, உள்ளே முறிந்து கிடந்தது. கெளுத்தி முள் குத்தினால் வாவிக்காரன் எவனும் ஊரைக் கூட்டிவிடுவான். அண்ணன் அந்தக் காலோடு பகல் முழுக்க மீன் விற்றிருக்கிறார். அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை.

அன்றைக்குத்தான் அவர் பயந்தார். முள்ளுக்கு அல்ல, வலிக்காததற்கு. அடுத்த நாளே அமிர்தகழிக்குப் போய், காலைக் காப்பாற்றித் தந்தால் சாகும்வரை இனிப்பைத் தொடமாட்டேன் என்று நேர்ந்துகொண்டு வந்தார். ஊசிமருந்தையும் தொடங்கினார். ஃப்ரிட்ஜில் வைக்கவேண்டும் என்று தாதி சொன்னபோது தலையாட்டினார். வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை என்று அத்தனை பேருக்கு முன்னால் சொல்ல வெட்கம்.

மனிதர் உண்மையிலேயே திருந்திவிட்டார். தயிர்க்கடையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு மோட்டார் சைக்கிளை முறுக்குவார். தேநீர்க்கடையில் எங்கள் பணிஸைப் பார்த்துக்கொண்டு வெறும் பிளேன்டி குடிப்பார். காலையும் மாலையும் தவறாமல் ஊசி. ஆனால் மாதத்துக்கு மாதம் சீனி ஏறியது. முள் குத்திய புண் ஆறவில்லை.

"ஐயா, உண்மையச் சொல்லுங்க. ஊசி போடுறீங்களா?"

"போடுறன் டொக்டர்."

"இனிப்பு?"

"மாமாங்கப் பிள்ளையார் அறிய..."

தாதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வரிசையில் இருந்த நாங்களும் சிரித்தோம். டொக்டர் பெருமூச்சு விட்டு மருந்தின் அளவைக் கூட்டினார். வீட்டில் சரசக்கா அவருடைய சட்டைப் பையையும் மீன் பெட்டியின் மூடியையும் மோந்து பார்த்தாள். பிறகு கோட்டைச் சட்டிகளை ஒவ்வொன்றாகத் தட்டி, புதிது ஏதும் சேர்ந்திருக்கிறதா என்று தேடினாள்.

"தம்பி," என்றார் ஒரு நாள் என்னிடம், "பொய் சொல்லிக்கொண்டு திரிஞ்ச காலத்தில எல்லாரும் என்னோட நல்லம். இப்ப உண்மையச் சொல்றன், என்ட பெஞ்சாதியே நம்புறாளில்ல. மறுகா நான் என்னத்துக்கு உண்மை பேசுற?" கண் கலங்கியிருந்தது. நான் நம்பினேனா? பாதி.

பாலத்தடியில் ஒரு காலை இறால் வாங்க நின்றேன். "ஒரு நிமிசம் தம்பி, ஊசி போட்டுட்டு வாறன்" என்றவர், பெட்டியைத் திறந்து, பாரைக்கு அடியில், உப்பு ஐஸுக்குள் முழங்கைவரை கையைவிட்டு ஒரு பொலித்தீன் பையை எடுத்தார். உள்ளே மருந்துக் குப்பி. கல்லாய் உறைந்திருந்தது. அதைக் கக்கத்துக்குள் வைத்துக் கோழியைப் போல அடைகாத்தார். உருகியதும் குப்பிக்குள் வெள்ளைத் துணிக்கைகள் மிதந்தன.

"அண்ணன், இத எப்பவும் இதுக்குள்ளயா வைக்கிற?"

"ஓம். ஊட்டில ஃப்ரிட்ஜ் இல்லத்தானே. நம்மட்ட இல்லாத குளிரா? ஃப்ரிட்ஜில வெச்சா வெறும் குளிர். இது உப்புப் போட்ட குளிர் தம்பி!" பெருமையில் முகம் மலர்ந்தது.

என் மருந்துக் குப்பியை முதல்முதல் வாங்கியபோது, இது உறைந்தால் குப்பையில் போடு என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். இறாலை விட்டுவிட்டு அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டொக்டர் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எப்ப இருந்து ஐயா இப்படி?"

"தொடங்கின நாளில இருந்து டொக்டர். ஒரு நாளும் வெளிய விடல்ல."

"இது செத்த மருந்து, ஐயா. இவ்வளவு நாளும் நீங்க போட்டது வெறும் தண்ணி." பிறகு மெல்லச் சொன்னார்: "நீங்க பொய் சொல்லல்ல. நாங்கதான் நம்பல்ல."

அதற்குள் காலம் கடந்துவிட்டது. கால் பெருவிரல் கறுத்து, கறுப்பு மேலே ஏறியிருந்தது. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள்.

மயக்கம் தெளிந்ததும் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "வெட்டின கால ஐஸில வெச்சீங்களா?" என்பது. வார்டில் ஒருவருக்கும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவரே கொஞ்சம் சிரித்தார். பிறகு டொக்டரின் கையைப் பிடித்தார்.

"டொக்டர், ஒரு உதவி. நான் தயிர் தின்னல்ல எண்டு இவகிட்ட ஒருக்காச் சொல்லுங்க. நான் சொன்னா நம்பமாட்டா."

சரசக்கா கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் மருந்தை எப்படி வைப்பது என்று அப்போதுதான் டொக்டர் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். பெரிய மண்சட்டிக்குள் சின்னச் சட்டி, இடையில் ஈர மணல், மேலே நனைத்த துணி. ஈரம் காயக் காய உள்ளே குளிரும், ஆனால் உறையாது. அண்ணன் கேட்டுவிட்டு மனைவியைப் பார்த்தார். "சட்டியா? நம்மட்ட ஒரு கோட்டையே இரிக்கே!"

அதற்குப் பிறகு கிளினிக் நாளில் ஆஸ்பத்திரி வாசலில் ஊன்றுகோலோடு அவர் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் சட்டிகள். புதிதாக ஊசிமருந்து வாங்கி வருகிற எவரும் தப்ப முடியாது.

"இஞ்ச வாங்க மகள். மருந்த எங்க வைக்கப் போறீங்க? ஃப்ரிட்ஜ் இல்லாட்டி வெட்கப்படாமச் சொல்லுங்க. நான் வெட்கப்பட்டு ஒரு கால் குடுத்தவன்."

ஃப்ரிட்ஜ் இருக்கிறவர்களையும் விடமாட்டார். என் வீட்டுக்கு வந்தவர் நேரே குசினிக்குள் போய், ஃப்ரிட்ஜைத் திறந்து, என் மருந்து ஐஸ்தட்டுக்குக் கிட்ட இருப்பதைக் கண்டு, என் மனைவிக்கு முன்னால் என்னைத் திட்டித் தீர்த்தார். போகும்போது ஒரு சட்டிச் சோடியையும் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

போன மாரியில் அவருடைய சிறுநீரகங்களும் கைவிட்டன. செத்த வீட்டுக்குப் போனபோது பின்வேலியைப் பார்த்தேன். கோட்டை இருந்த இடத்தில் ஒரு சட்டியும் மிச்சமில்லை. "எல்லாத்தையும் குடுத்து முடிச்சிட்டுத்தான் போனவர்" என்றாள் சரசக்கா. "கடைசி மட்டுக்கும் ஒரு வாய் தயிர் தின்னல்ல தம்பி. இத நீங்க ஆரு கேட்டாலும் சொல்லுங்க."

சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் நன்றாகத்தான் வேலை செய்கிறது. என் மருந்து மட்டும் அண்ணனுடைய தயிர்ச் சட்டிக்குள் இருக்கிறது.