வண்டியில் ஏறிய வீட்டுப்பாடம்

அந்தப் பள்ளிக்கூடத்தை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டுத்தான் மறுவேலை என்று ஒரு வெள்ளிக்கிழமை மாலை, நடுக்கூடத்தில் நின்று சபதம் செய்தேன். மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர். என் வீரத்தைக் கண்டு உருகிவிட்டாள் என்று நினைத்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். ஊரில் பாதிப் பேருக்குப் பார்வை என் தயவு. கார் ஓட்டத் தெரிந்த நாளிலிருந்து என் வண்டியில் ஒரு கீறல் கிடையாது. மற்றவர்கள் வண்டியில் விழுந்த கீறலுக்கு நான் பொறுப்பல்ல. சாலையில் எனக்கு இருக்கும் ஒரே குறை, மற்றவர்களும் அதில் வருகிறார்கள் என்பதுதான். ஒருத்தனுக்காவது ஓட்டத் தெரிகிறதா? அதனால் போகிற வழியெல்லாம் அவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டே போவேன். ஒரு கை ஹாரனில் இருக்கும். வாயும் ஹாரன்தான் என்பாள் மனைவி.

எங்களுக்கு ஒரே மகள். பதினொன்றாம் வகுப்பு. லைசென்ஸ் எடுக்கும் வயது நெருங்குகிறது என்று, பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதோறும் சாலைப் பாதுகாப்புப் பாடம் ஆரம்பித்தார்கள். நல்லதுதானே என்று நானும் தலையாட்டினேன். ஆட்டின தலைக்கு வந்தது வினை.

திங்கட்கிழமை காலை, பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட அழைத்துப் போகும்போது, முன் சீட்டில் ஏறிக்கொண்டு சொன்னாள்:

"அப்பா, எனக்கு ஒரு வீட்டுப்பாடம். நீங்க ஓட்டுங்க. நான் பக்கத்துல உக்காந்து, ரோட்டுல பாக்குறதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லணும். ஆபத்து எங்கேர்ந்து வரும்னு கண்டுபிடிக்கப் பழகுறதுக்கு."

"தாராளமாச் சொல்லும்மா. ஓட்டுறதுன்னா என்னன்னு இன்னைக்குப் பாரு."

தெரு முனை தாண்டினோம். ஆரம்பித்தாள்.

"முன்னாடி பஸ் நிக்குது. ஆளுங்க இறங்குறாங்க. யாராவது பஸ்ஸுக்கு முன்னாலேர்ந்து குறுக்க வரலாம். வேகத்தைக் குறைக்கணும். அப்பா குறைக்கல. ஹாரன் அடிக்கிறார்."

"அவன் நடுரோட்டுல நிறுத்தியிருக்கான்டி!"

"அப்பா பஸ்ஸைத் திட்டுறார். பஸ்ஸுக்குக் கேக்கல. மஞ்ச விளக்கு எரியுது. மஞ்சன்னா நிக்கணும். அப்பா இன்னும் வேகமாப் போறார்."

"மத்தவங்க நிக்கட்டும்!"

"போன் அடிக்குது. அப்பா எடுக்கிறார்."

"கடையிலேர்ந்துடி!"

"கடையிலேர்ந்து. ஒத்தைக் கையால ஓட்டுறார். திரும்பப் போறார். பின்னாடி வர்ற வண்டியைக் கண்ணாடில பாக்கல."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. "ஏய்! யார்கிட்ட கண்ணாடியைப் பத்திப் பேசுற? பொழுது விடிஞ்சா பொழுது போனா நான் பாக்குறது கண்ணாடியைத்தான்!"

"அது விக்கிற கண்ணாடிப்பா. இது பாக்குற கண்ணாடி."

வாரம் பூரா இதே கச்சேரி. மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். அதுதான் கொடுமை. திட்டினால் திருப்பித் திட்டலாம். செய்தி வாசித்தால் என்ன செய்வது? பல்லை நறநறவென்று கடித்தேன். "அப்பா பல்லைக் கடிக்கிறார்" என்று அதையும் வாசித்தாள்.

வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடத்துக்கு முந்தின திருப்பம். முன்னால் ஒரு தண்ணீர் லாரி ஆடி அசைந்து போய், நின்றே விட்டது. என்னால் பொறுக்க முடியவில்லை. ஹாரனை அழுத்திக்கொண்டே அதை முந்தினேன்.

"அப்பா! சைக்கிள்!"

இது வாசிப்பு இல்லை. அலறல். என் கால் தானாகவே பிரேக்கில் ஏறி நின்றது. லாரிக்கு முன்னாலிருந்து சாலையைக் கடந்துகொண்டிருந்த ஒரு பெண், சீருடையும் பையுமாக, என் வண்டியின் மூக்கு நுனியில் சைக்கிளோடு உறைந்து நின்றாள். அவள் கடக்கட்டும் என்றுதான் லாரிக்காரன் நிறுத்தியிருக்கிறான்.

நான் ஜன்னலை இறக்கினேன். "கண்ணு தெரியல? கடைக்கு வா, நல்ல கண்ணாடியா மாட்டி அனுப்புறேன்!" என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ கத்தினேன். அந்தப் பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள்.

என் மகள் மெல்லச் சொன்னாள்: "அவ என் வகுப்புதாம்பா. அவ மேல தப்பு இல்ல." அப்புறம், "அப்பா இன்னும் பிரேக்குலேர்ந்து காலை எடுக்கல."

கதவைத் திறந்து இறங்கினாள். மிச்ச தூரத்தை நடந்தே போனாள்.

காலை எடுக்காதது கோபத்தில். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். அன்று முழுக்கக் கடையில் வந்தவர் போனவர் எல்லாரிடமும் எரிந்து விழுந்தேன். ஒருவருக்குத் தூரப் பார்வைக் கண்ணாடிக்குப் பதிலாகக் கிட்டப் பார்வைக் கண்ணாடியை மாட்டிவிட்டு, தெரியவில்லை என்று சொன்னதற்கு அவரையே திட்டினேன். மாலையில் வீட்டுக்கு வந்ததும்தான் அந்தச் சபதம்.

"பெத்த அப்பனையே வேவு பாக்கச் சொல்றதுக்குப் பேரு பாடமா? பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்தச் சொன்னா, அப்பன்களுக்கு நடத்துறாங்க!"

"அநியாயம்தாங்க" என்றாள் மனைவி.

கல்யாணமான நாளிலிருந்து அவள் என் கட்சியில் சேர்ந்ததே இல்லை. அங்கேயே நான் பிரேக் போட்டிருக்க வேண்டும். கோபத்தில் இருப்பவனுக்குப் பிரேக் ஏது?

"அநியாயம்தான். ஆனா எங்கிட்டக் கத்தி என்ன பிரயோசனம்? நாளைக்குப் பெத்தவங்க கூட்டம் இருக்கு. அங்க வந்து கேளுங்க."

"கேப்பேன்!"

"எல்லார் முன்னாடியும்?"

"பின்னே? காதுலயா வந்து சொல்லுவேன்?"

"இல்ல, அங்க போனதும் நீங்க பம்மிடுவீங்களோன்னு…"

"யாரு, நானா?"

மறுநாள் பள்ளிக்கூடத்து மண்டபம் நிறைந்திருந்தது. பாடம் நடத்துவது விளையாட்டு டீச்சர். கழுத்தில் விசில் தொங்கியது. தலைக்கவசம், சீட் பெல்ட், சாலையைக் கடப்பது என்று அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் எழுந்துவிட்டேன்.

"டீச்சர்! அப்பன் வண்டி ஓட்டும்போது பக்கத்துல உக்காந்து, அவன் மூச்சு விடுறதைக்கூட வாய்விட்டுச் சொல்லணும்னு வீட்டுப்பாடம் கொடுத்திருக்கீங்களே, இது எந்த ஊர் நியாயம்? வீட்டுல எங்களுக்குன்னு ஒரு மதிப்பு வேண்டாமா? இன்னைக்கு ரோட்டைச் சொல்லுவாங்க. நாளைக்கு எங்க குறட்டையைச் சொல்லுவாங்க!"

நாலைந்து அப்பாக்கள் கைதட்டினார்கள். தட்டின வேகத்திலேயே தெரிந்தது, எல்லாரும் என்னைப் போல ஓட்டுகிறவர்கள்.

டீச்சர் விழித்தார். "சார், நாங்க அப்படி ஒரு வீட்டுப்பாடம் யாருக்குமே கொடுக்கலையே?"

கைதட்டல் நின்றது.

மகளைப் பார்த்தேன். அவள் தன் ஷூவைப் பார்த்தாள். மனைவியைப் பார்த்தேன். மின்விசிறி என்ற பொருளை அன்றுதான் முதன்முதலாகக் கண்டவள்போல அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சுரீரென்று உறைத்தது. வாரம் முழுக்க நான் காரை ஓட்டியிருக்கிறேன். தாயும் மகளும் என்னை ஓட்டியிருக்கிறார்கள்.

"ஆனா ரொம்ப நல்ல யோசனை சார்!" டீச்சர் விடவில்லை. "வாய் சொல்லச் சொல்ல, கண்ணு தன்னால தேட ஆரம்பிச்சுடும். பிள்ளைங்க ஸ்டீரிங்கைத் தொடுறதுக்கு முன்னாடியே ரோடு பழகிடும். உங்க வீட்டுல யார் யோசிச்சது?"

ஆப்பசைத்த குரங்காக நின்றேன். மனைவி என்று சொன்னால் ஏமாந்தது ஊருக்கே தெரியும். தெரியாது என்றால் இன்னும் கேவலம். முன்வரிசையில் அந்தச் சைக்கிள் பெண், தன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் கோபம்கூட இல்லை. நான் என்ன சொல்வேன் என்று காத்திருந்தாள், அவ்வளவுதான். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

"நான்தான்" என்றேன். "இவ்வளவு நல்ல விஷயத்தைப் பள்ளிக்கூடம் இன்னும் செய்யலையேங்கிற ஆத்திரத்துலதான் அப்படிக் கேட்டேன். அப்புறம்… நேத்து இந்தப் பொண்ணுகிட்டக் கத்திட்டேன். தப்பு என் மேலதான். மன்னிச்சுடும்மா."

மண்டபம் அதிர்ந்தது. இந்தத் தடவை அம்மாக்களும் தட்டினார்கள். என் மனைவிதான் பலமாகத் தட்டினாள்.

"அப்படின்னா அடுத்த சனிக்கிழமை நீங்களே வந்து எல்லாப் பிள்ளைங்களுக்கும் செஞ்சு காட்டுங்க சார்" என்றார் டீச்சர். "உங்க வண்டில மூணு மூணு பேரா ஏத்திக்கலாம்."

வீடு வந்து சேர்ந்தோம். பூட்டைத் திறந்ததும் வாயையும் திறந்தேன்.

"நீதானே?"

"நான்தான்."

"வெக்கமா இல்ல? பொய் வீட்டுப்பாடம்! பெத்த பொண்ணை விட்டு!"

"நான் சொன்னா உங்களுக்குக் காது கேக்காது. அவ சொன்னா கோபம் வரும். பள்ளிக்கூடம் சொல்லுதுன்னா சண்டைக்குப் போவீங்க. போன இடத்துல நாலு பேர் கைதட்டினா, கேட்டதுக்கெல்லாம் சரின்னுட்டு வருவீங்க. வேற எந்த வழியில உங்களைத் திருப்புறது?"

"என்னைப் பத்தி என்னடி நினைச்சிட்டிருக்க?"

"அந்தச் சைக்கிள் பொண்ணு இடத்துல நம்ம பொண்ணை நினைச்சுப் பாத்தேன்" என்றாள். குரல் ஒரு மாதிரி இறங்கியிருந்தது. "நேத்து சாயங்காலம் அவ வந்து சொன்னதுலேர்ந்து எனக்குச் சோறு இறங்கல. உங்களுக்குத் தைரியமிருந்தா இப்பக் கத்துங்க."

கத்த வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். கொட்டாவி வந்ததாகக் காட்டிக்கொண்டு மூடிவிட்டேன். உள்ளே மட்டும் எரிந்துகொண்டே இருந்தது.

அடுத்த சனிக்கிழமை, கோபத்தோடுதான் எழுந்தேன், கோபத்தோடுதான் குளித்தேன். மாட்டேன் என்று சொல்ல மட்டும் முடியவில்லை. காரைக் கழுவிப் பளபளவென்று பள்ளிக்கூட வாசலில் நிறுத்தினேன். பின் சீட்டில் மூன்று பிள்ளைகள் ஏறிக்கொண்டு, இப்போதே தொண்டையைச் சரிசெய்தார்கள். அதற்குள் என் மனைவி குனிந்து, வண்டியின் முன்னும் பின்னும் எதையோ ஒட்டிக்கொண்டிருந்தாள். இறங்கிப் போய்ப் பார்த்தேன். வெள்ளை அட்டையில், கொட்டை எழுத்தில், சிவப்பாக "எல்" போர்டு.

"ஏய், பிள்ளைங்க யாரும் ஓட்டப் போறதில்ல. இது எதுக்கு?" என்று சீறினேன்.

"ஓட்டப் போறவருக்குத்தாங்க" என்றாள்.