வைரஸும் ஷிப்ட் பஸ்ஸும்

பெண் பார்க்க வந்தவர்கள் "என்னம்மா வேலை பாக்குறே?" என்று கேட்டால் பதில் சொல்லவே கூடாது. வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளே ஓடிவிட வேண்டும். இந்த ஞானம் எனக்குத் தலையில் இடி விழுந்த பிறகுதான் வந்தது.

அப்போது நான் சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எச்.ஐ.வி.க்கான மரபணு சிகிச்சை ஆராய்ச்சியில் இருந்தேன். நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குக் குமரன் தன் பெற்றோரோடு என்னைப் பார்க்க வந்தான். சுரங்கத்தில் இன்ஜினியர், பர்மனென்ட். (அப்பாவுக்கு அந்த ஒரு சொல்லே போதும்.) எனக்கோ போனில் பேசிய நாளிலிருந்தே அவன்மேல் கிறுக்கு. இவன் இல்லையென்றால் எவனும் வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியே விட்டிருந்தேன்.

குமரனின் அம்மா பக்கத்துக் கிராமமான முத்தாண்டிக்குப்பத்துக்காரர். காபியைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்டார்: "இன்னாம்மா வேலை உனக்கு?"

"எச்.ஐ.வி. வைரஸை வச்சே எச்.ஐ.வி.யைத் தடுக்கப் பாக்குறோம் அத்தை." (அத்தையாம்! அவசரத்தைப் பாருங்கள்.)

டம்ளர்கள் பாதி வழியில் நின்றன. அப்பா முறைத்தார். அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். நான் விளக்கக் கிளம்பினேன். நெய்வேலி நகரியத்தில் எல்லோருக்கும் புரிவது, சுரங்கத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஷிப்ட் பஸ்தானே?

"வைரஸ்ங்கிறது ஷிப்ட் பஸ் மாதிரிங்க. அதுல இருக்கிற ரவுடிங்களை இறக்கிவிட்டுட்டு, நம்ம ஆளை ஏத்தி ரத்த செல்லுக்குள்ள அனுப்புவோம். அவர் பேரு ஆர்.என்.ஏ. செல்லுல வாசல் கட்டச் சொல்லி ஆபீஸ்லேர்ந்து ஆர்டர் வரும். நம்ம ஆள் அதை வழியிலேயே கிழிச்சுப் போட்டுடுவார். வாசலே இல்லன்னா நிஜ எச்.ஐ.வி. எப்படிங்க நுழையும்?"

குமரன் முகம் மலர்ந்தது. அவன் அப்பாவும் தலையாட்டினார். மனசுக்குள் எனக்குத் தாலியே ஏறிவிட்டது.

அவன் அம்மா மட்டும் யோசித்தார். "ஏம்மா, எங்க வூட்டுக்காரரு ஷிப்ட் முடிஞ்சி பஸ்ஸுலயே தூங்கிக்கினு டிப்போ வரைக்கும் பூடுவாரு. அதுமாதிரி ஒரு ரவுடி எறங்காம சீட்டுக்கடியில படுத்துக்கினு இருந்தா?"

எங்கள் துறையே பயப்படும் கேள்வி. 'இருக்கவே மாட்டாங்க' என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் இன்று எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கும். நாக்கில் சனி!

"செக் பண்ணுவோம்ங்க. வாய்ப்பு ரொம்ப ரொம்பக் குறைவு. ஆனா இல்லவே இல்லன்னு சொல்ல முடியாது."

"காபி நீ போட்டதாம்மா?"

"ஆமாங்க."

டம்ளரைக் கீழே வைத்தார். மற்ற இருவரும் வைத்தார்கள். "போன் பண்றோம்ங்க" என்று எழுந்தார்கள். செருப்பு மாட்டும்போது குமரன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அவ்வளவுதான். போன் வரவேயில்லை.

ஆறிப்போன காபியை எல்லாம் அப்பாவே ஆத்திரத்தோடு குடித்துத் தீர்த்தார். நான் பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அடுத்த தை மாதம் அவனுக்குக் கல்யாணம்.

இன்றும் நான் காபி போட்டால் தம்பி டம்ளருக்குள் எட்டிப் பார்ப்பான். "எல்லாரும் எறங்கியாச்சாக்கா? சீட்டுக்கடியில பாத்தியா?"

வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

"எல்லாரும் எறங்கியாச்சுடா" என்பேன்.

இப்போது பொய் சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டேன். ஒருத்தன் இன்னும் இறங்கவேயில்லை.