அழுங்கு வீட்டுக்கு ஒரு சீட்

ஒரு காட்டில் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. தொடக்கத்தில் காட்டுக்குள் பல்கலைக்கழகம் இருந்தது. கட்டடங்கள் கூடக் கூட, பல்கலைக்கழகத்துக்குள் கொஞ்சம் காடு மிச்சமிருந்தது.

அந்த மிச்சக் காட்டில் வடிவு என்றோர் அழுங்குப் பெண் வாழ்ந்தாள். அழுங்கு என்பது உடம்பெல்லாம் செதிலாக, எறும்பும் கரையானும் தின்று, யாராவது உற்றுப் பார்த்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் சாதுவான பிராணி. வடிவு தன் இனத்திலேயே கூச்சம் அதிகமானவள். குளத்தில் தண்ணீர் குடிக்கப் போனால், தன் முகமே தன்னைப் பார்க்கிறதே என்று சுருண்டுவிடுவாள். ஆனால் மண்ணைப் பற்றி அவளுக்கு ஓயாத கேள்விகள் இருந்தன. செம்மண்ணுக்குச் சிவப்பு எங்கிருந்து வந்தது? மழை வரப்போவது கரையானுக்கு எப்படித் தெரிகிறது? வீட்டில் கேட்டால் அப்பா தவசி, "வாயை மூடிக்கிட்டு எறும்பைத் தின்னு" என்பார். மூடிக்கொண்டு எப்படித் தின்பது என்று அவள் கேட்டதில்லை.

அதனால்தான் மண்ணியல் படிப்புக்கு விண்ணப்பித்தாள். இடமும் கிடைத்தது. புது மாணவர்கள் குடும்பத்தோடு வரவேற்பு நாளுக்கு வர வேண்டும் என்று அழைப்பும் வந்தது.

அன்றைக்கு ஒரு முக்கியமான சடங்கு உண்டு. வருகைப்பதிவுக்காகப் பல்கலைக்கழகம் ஒரு மைனாவை வைத்திருந்தது. புதிதாக வாங்கிய கருவி என்றே எல்லோரும் அதைச் சொன்னார்கள். சம்பளம் ஒழுங்காக வந்ததால் மைனாவும் மறுக்கவில்லை. மாணவர் மேடையேறி மைனாவின் முன் பெயரையும் படிப்பையும் சொல்ல வேண்டும். மைனா அந்தக் குரலை மனதில் பதித்துக்கொள்ளும். படிப்பு முடியும்வரை அந்தக் குரலுக்கு மட்டும்தான் வகுப்பறைக் கதவு திறக்கும். சொல்லாமல் இறங்கினால் இடம் போய்விடும்.

வடிவு தினமும் புற்றின் முன் நின்று பழகினாள். "என் பெயர் வடிவு. மண்ணியல்." கரையான்கள் பாராட்டவில்லை, அவளைப் பார்த்தால் அவற்றுக்கு வேறு கவலை.

வரவேற்பு நாளன்று வாசலில் ஒரு முயல் பன்னீர் தெளித்தது.

"பேரு என்னம்மா?"

"வடிவுங்க," என்றார் அப்பா.

"எந்தப் படிப்பு?"

"மண்ணியலுங்க. மார்க்கெல்லாம் நல்ல மார்க்கு."

"ஹாஸ்டல்ல சைவமா, அசைவமா?"

வடிவு வாயைத் திறந்தாள்.

"எறும்பு எதுல சேரும்னு நீங்கதான் சொல்லணும்," என்றார் அப்பா. "பாப்பாவுக்குக் கூச்ச சுபாவம்."

உள்ளே குத்துவிளக்கு தயாராக இருந்தது. தீயைக் கண்டால் கூட்டம் ஓடிவிடும் என்பதால் திரிக்குப் பதில் மின்மினிகளை உட்கார வைத்திருந்தார்கள். சிறப்பு விருந்தினரான மயில் தோகையைச் சரிசெய்துகொண்டு வந்து சேர்வதற்குள் அவை ஒளிர்ந்து களைத்துத் தூங்கிவிட்டன. மயில் தூங்குகிற மின்மினிகளைக் கும்பிட்டு விழாவைத் தொடங்கி வைத்தது.

துணைவேந்தர் கரடி பேசினார். "நம்ம மாணவர்கள் கேள்வி கேட்கறதே கிடையாது. அவ்வளவு ஒழுக்கம். ஆனா பெற்றோர், கார்டியன் யாரா இருந்தாலும் எப்ப வேணா வரலாம், எவ்வளவு நேரம் வேணா கேட்கலாம். பதில் சொல்லாம எந்தப் பேராசிரியரும் எழுந்து போக முடியாது."

பெற்றோர் கைதட்டினார்கள். வடிவின் முகம் வாடிவிட்டது.

ஒரு குரங்கம்மா எழுந்தாள். "படிச்சு முடிச்சா மரத்துல வேலை கிடைக்குமா?"

"நூறு சதவீதம்," என்றார் கரடி. "போன வருசம் முடிச்ச குரங்குங்க எல்லாம் இப்ப ஏதோ ஒரு மரத்துலதான் இருக்காங்க."

சடங்கு தொடங்கியது. முதலில் குரங்கம்மாவின் பையன். "அவனுக்குத் தொண்டை சரியில்ல," என்று அம்மாவே பெயரைச் சொன்னாள். அவள் செய்ததைப் பார்த்து, வரிசையிலிருந்த அப்பா அம்மாக்களும் அதையே செய்தார்கள். "பதிவாயிற்று," என்றது மைனா ஒவ்வொரு முறையும்.

வடிவின் முறை வந்தது. கூட்டம் முழுவதும் அவளைப் பார்த்தது. முதுகு தானாக வளையத் தொடங்கியது. அவள் செம்மண்ணை நினைத்துக்கொண்டாள். பல்லைக் கடித்து முதுகை நிமிர்த்தலாம் என்றால் அழுங்குக்குப் பல் கிடையாது. அதனால் சும்மாவே நிமிர்ந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, இத்தனை கண்களுக்கு முன்னால் சுருளாமல் நின்றாள். மூச்சை இழுத்தாள்.

"வடிவு, மண்ணியல்," என்றார் அப்பா.

"பதிவாயிற்று," என்றது மைனா.

"என் பெயர் வடிவு. மண்ணியல்," என்றாள் வடிவு. கடைசி வரிசைக்கும் கேட்டது.

"இது வேற குரல்," என்றது மைனா. "ஒரு சீட்டுக்கு ஒரு குரல்தான்."

கரடி தலையைச் சொறிந்தார். கருவிக்கு நிறையச் செலவு செய்திருந்ததால் தவறு கருவியுடையதாக இருக்க முடியாது. "யார் பேசினாங்களோ அவங்கதான் சேரணும்," என்று முடித்துவிட்டார்.

"எனக்கு வயசாச்சுங்க," என்றார் தவசி.

"அதுக்கு விதியில தடை இல்லையே."

மாலையில் பெற்றோர் பெட்டியோடு விடுதி வாசலில் நின்றார்கள். பிள்ளைகள் ஆற்றுக்குக் குளிக்கப் போய்விட்டார்கள். வடிவு மட்டும் அப்பாவோடு நின்றாள். விடுதிக் காப்பாளரான முள்ளம்பன்றி தவசியை உற்றுப் பார்த்தது.

"பேரு என்ன?"

தவசி பந்தாகச் சுருண்டார்.

"தவசிங்க," என்றாள் வடிவு. "கொஞ்சம் குறட்டை விடுவாரு. மத்தபடி தொந்தரவு இல்ல. கூச்ச சுபாவம்."

"நீங்க யாரு?"

வடிவுக்குக் கரடி பேசியது முழுவதும் நினைவுக்கு வந்தது.

"கார்டியன்," என்றாள்.

மறுநாள் காலை மண்ணியல் பேராசிரியரான ஆமையின் அறைக்குப் போய் எதிரே உட்கார்ந்தாள். பக்கத்தில் அப்பா நோட்டும் பேனாவுமாக நின்றார்.

"செம்மண்ணுக்குச் சிவப்பு எங்கிருந்து வருது?" என்று தொடங்கினாள்.

ஆமை ஏக்கத்தோடு கதவைப் பார்த்தது. பிறகு விதியை நினைத்துக்கொண்டு பதில் சொல்லத் தொடங்கியது. சாப்பாட்டு மணி அடித்தபோது அவள் கரையானுக்குத்தான் வந்திருந்தாள்.

"ஒரு சந்தேகம்," என்று தவசி மெல்லக் கையைத் தூக்கினார்.

"மாணவர்கள் கேள்வி கேட்கக் கூடாது," என்றது ஆமை.

"அப்பா," என்றாள் வடிவு திரும்பாமலேயே, "வாயை மூடிக்கிட்டு எழுதுங்க."

நீதி: படிக்க ஆசையிருந்தால் கல்லூரியில் சேரக் கூடாது, வீட்டில் யாரையாவது சேர்த்துவிட வேண்டும்.