இடைவேளைக்குப் பிறகு கிபாயத்துல்லா

அடுத்த படத்தைக் கடைசிவரை கண்ணைத் திறந்துகொண்டு பார்ப்பது என்று கிபாயத்துல்லா முடிவு செய்தார்.

இதெல்லாம் ஒரு முடிவா, கண் உள்ளவர்கள் எல்லாரும் செய்கிற காரியம்தானே என்று தோன்றலாம். ஆனால் மலேசியாவின் குளுவாங் ஊரில் புதுப் படங்களைப் பற்றிக் கருத்துச் சொல்வதில் பெயரெடுத்த கிபாயத்துல்லா, பல வருடங்களாக எந்தப் படத்தின் இரண்டாம் பாதியையும் பார்த்ததில்லை. இந்த ரகசியம் தனக்கு மட்டுமே தெரியும் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

ரயில் நிலையத்தை ஒட்டி அவர் நடத்திவந்த சாப்பாட்டுக்கடையை இப்போது மகன் ஜுனைத் பார்த்துக்கொள்கிறான். கிபாயத்துல்லாவுக்கு என்று மிச்சம் இருப்பது கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு மேசை. பிறவியிலேயே கூச்சக்காரர். கல்யாண வீட்டில் தூணுக்குப் பின்னால் நிற்பார். யாராவது நலம் விசாரித்தால் சட்டைப் பொத்தானைப் பார்த்துப் பதில் சொல்வார். ஆனால் ஒரு புதுப் படம் வெளியாகி மறுநாள் காலை அந்த மேசையில் உட்கார்ந்துவிட்டால் அவர் வேறு ஆள்.

"கதைக்கு நாப்பதுக்கு முப்பத்தொண்ணு. சண்டைக்கு இருபதுக்குப் பதினெட்டரை. பாட்டுக்கு ரெண்டு ரெண்டா கழிச்சிட்டேன்" என்று தீர்ப்புச் சொல்வார். ஓய்வு பெற்ற வாத்தியார் ரவீந்திரன் ரொட்டியைப் பிய்க்காமல் கேட்பார். மார்க்கெட்டில் காய்கறி விற்கும் செல்லப்பன், கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வந்து கேட்பார். பாய் நல்லாயிருக்கு என்றால் குடும்பத்தோடு போவார்கள். பாய் உதட்டைப் பிதுக்கினால் அந்தப் படத்துக்கு ஊரில் கூட்டம் குறையும் என்று ஒரு பேச்சு. அதைப் பரப்பியது யார் என்று தெரியாது. கிபாயத்துல்லா மறுத்ததில்லை. வாழ்க்கையில் அவர் தூணுக்கு முன்னால் வந்து நின்ற இடம் அது ஒன்றுதான்.

தூக்கத்துக்கு அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நம் நாட்டுத் திரையரங்கில் தமிழ்ப் படத்துக்கு இடைவேளை கிடையாது. 'இடைவேளை' என்ற எழுத்து மட்டும் திரையில் வரும், கண் சிமிட்டுவதற்குள் போய்விடும், படம் ஓடிக்கொண்டே இருக்கும். யாரும் எழுந்திருப்பதில்லை. அந்த எழுத்துக்கு மரியாதை கொடுத்து ஓய்வு எடுப்பவை கிபாயத்துல்லாவின் கண்கள் மட்டும்தான்.

அப்புறம் படம் உள்ளே ஓட ஆரம்பிக்கும். குளிர்காற்று கடலாக மாறும். கதாநாயகன் துப்பாக்கியோடு ஓடிவந்து, மூச்சு வாங்க, இவர் கடையில் உட்கார்ந்து பரோட்டா கேட்பான். வில்லன் பின்கட்டில் கண்ணாடிக் குவளை கழுவுவான். கதாநாயகி எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்கு மேலே, குடை பிடித்தபடி, மெதுவாகப் பறந்து போவாள். யாரும் யாரையும் கொல்ல மாட்டார்கள். எல்லாருக்கும் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் வரும். அப்படிப்பட்ட இரண்டாம் பாதியை இந்தியாவில் இன்னும் யாரும் எடுக்கவில்லை.

விழிப்பு வந்ததும் வேலை ஆரம்பிக்கும். ஜொகூர் பாருவில் படம் முடிந்து வீடு திரும்பும்போது கார் ஓட்டிக்கொண்டே, பக்கத்தில் இருக்கும் மனைவி சம்சாத் பேகத்திடம் தூண்டில் போடுவார்.

"கடைசிச் சண்டை கொஞ்சம் நீளம்தான், இல்ல?"

"எதுங்க? அந்தக் கப்பல்லயா?"

கப்பல். மீன் ஒன்று.

"கப்பல்தான். ஆனா அவன் அப்படிச் செய்வான்னு நான் எதிர்பாக்கல."

"தம்பியே அண்ணனைத் தள்ளிவிடுவான்னு யாரு எதிர்பாப்பாங்க?"

மீன் இரண்டு. குளுவாங் வந்து சேர்வதற்குள் கூடை நிறைந்துவிடும். மறுநாள் மேசையில் அத்தனையும் பொரித்துப் பரிமாறப்படும்.

இவ்வளவு ஒழுங்காக நடந்துவந்த தொழிலில்தான் போன மாதம் அசம்பாவிதம் நேர்ந்தது. திரையில் தாயின் சடலத்தின் மேல் விழுந்து கதாநாயகி அழுகிறாள். அரங்கமே மூக்கை உறிஞ்சுகிறது. அந்த அமைதியில் கிபாயத்துல்லாவின் குறட்டை எழுந்தது. சம்சாத் பேகம் தொடையில் கிள்ளினார். நாற்பது வருடம் கடை நடத்தியவர் துள்ளி எழுந்து, "ஆறாம் நம்பருக்கு ரெண்டு தே, ஒண்ணு சீனி கம்மி!" என்று முழங்கினார்.

அழுதுகொண்டிருந்த அரங்கம் சிரித்தது. யாரோ, "பாய், எனக்கும் ஒண்ணு லா!" என்று கத்தினார். கிபாயத்துல்லா சட்டைப் பொத்தானைத் தேடினார். இருட்டில் அதுவும் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வெடித்தார்.

"ஏன் கிள்ளினே?"

"ஏன் தூங்கினீங்க?"

"யாரு தூங்குனா? கண்ணை மூடி யோசிச்சுக்கிட்டிருந்தேன்."

"யோசனை குறட்டை விடுமா?"

"அது பக்கத்துல உள்ள ஆளு."

"பக்கத்துல நான்தாங்க இருந்தேன்."

"அந்தப் பக்கம்!"

"அந்தப் பக்கம் சுவரு."

கிபாயத்துல்லா சுவரை விட்டுவிட்டுக் கொள்கைக்கு வந்தார். "நீ கூட வர்றதாலதான் இவ்வளவும். இனிமே நான் தனியாத்தான் படத்துக்குப் போவேன்."

"தனியாப் போனா யாரு எழுப்புவா? படம் முடிஞ்சு கூட்டுறவங்க உங்களையும் சேத்துக் கூட்டிருவாங்க."

"அடுத்த படத்தை முழுசாப் பாத்துக் காட்டறேன். என்ன கேள்வி வேணா கேளு, பதில் சொல்றேன். சொல்லிட்டா அதோட நான் தனி, நீ தனி."

"சொல்லலைன்னா?"

"நீ சொல்றதைக் கேக்கறேன்."

"அது எப்பவும் கேக்கறதுதானே. வேற ஏதாவது சொல்லுங்க." சம்சாத் பேகம் யோசித்தார். "தோத்தா, இனிமே மேசையில உக்காந்து படத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசக்கூடாது."

கிபாயத்துல்லா இதை எதிர்பார்க்கவில்லை. மேசையா? ஆனால் கோபத்தில் இருக்கும் ஆண்பிள்ளை பின்வாங்க முடியாது. "சரி" என்றார்.

"நீங்க தனி, நான் தனி" என்று சம்சாத் பேகம் ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். புதுச் சேலையின் முந்தானையைத் தடவிப் பார்ப்பது போல இருந்தது அது.

அடுத்த படம், 'பனிக்கட்டியில் ஒரு கைரேகை'. அதே பெயரில் வந்த மர்ம நாவலைப் படமாக எடுத்திருந்தார்கள். வெளியாவதற்கு இன்னும் ஒரு வாரம். கிபாயத்துல்லா பகலில் தூங்கித் தூக்கத்தைச் சேமிக்கப் பார்த்தார். தூக்கம் சேமிப்பில் நிற்கிற சரக்கு இல்லை. தூங்கத் தூங்க இன்னும் வந்தது.

நான்காம் நாள் காலையில், சமையலறை அலமாரியில், மசாலா டப்பாவுக்குப் பக்கத்தில் அந்த நாவலே இருந்தது.

"இது என்ன?" என்றார், ஒன்றும் தெரியாதவர் போல.

"ஆப்ரின் ஜொகூர் பாருவுல இருந்து கொண்டாந்து போட்டுட்டுப் போனா. படிக்க யாருக்கு நேரம்? பழைய பேப்பரோட போடணும்."

மகளின் மறதியை வாழ்த்திக்கொண்டே அதைச் சட்டைக்குள் செருகினார். கடையின் பின்கட்டில், அரிசி மூட்டைகளுக்கும் வெங்காயக் கூடைகளுக்கும் நடுவில் உட்கார்ந்து படித்தார். தகரக் கூரையில் மத்தியான மழை விழுந்துகொண்டே இருந்தது. பனிக்கட்டித் தொழிற்சாலையில் ஒரு முதலாளி உறைந்து கிடக்கிறார். சந்தேகம் ஐந்து பேர் மேல். ஒவ்வொரு அத்தியாயமும் யாரோ கதவைத் தட்டுவதோடு முடிகிறது. இவ்வளவு பேர் தட்டியும் ஒரு வீட்டில்கூடத் தேநீர் கொடுக்கவில்லையே என்று ஒரு மதிப்பெண் கழித்தார். மற்றபடி அருமை. மழைச் சத்தத்தில் கொலைகாரனின் காலடியே கேட்டது. கடைசியில் கொலை செய்தவர் குடும்ப டாக்டர் என்று தெரிந்தபோது கிபாயத்துல்லா வெங்காயக் கூடையைப் பிடித்துக்கொண்டார்.

இனி என்ன கவலை? நிம்மதியாகத் தூங்கலாம்.

வியாழக்கிழமை ஜொகூர் பாருவின் பேரங்காடி ஒன்றில், பெரிய திரையில், மத்தியானக் காட்சி. முதல் பாதி நாவலைப் போலவே போனது. நாவலில் வழுக்கைத் தலையோடு இருமிக்கொண்டிருந்த துப்பறிவாளர் இங்கே ஹெலிகாப்டரில் தலைமுடி பறக்க வந்தார். அது பெரிய படத்துக்கு உள்ள செலவு என்று விட்டுவிட்டார். 'இடைவேளை' வந்தது. கிபாயத்துல்லா குற்ற உணர்ச்சி இல்லாமல் கண்ணை மூடினார்.

அன்றைய கனவு, மதிப்பெண் போட்டால் நூற்றுக்கு நூறு. பனிக்கட்டி மலை ஒன்று தெப்ராவ் நீரிணையில் மிதந்து வருகிறது. அதன் மேல் அவர் மேசை. சுற்றிலும் மீன்கள் வரிசையில் நின்று, "படம் எப்படி, பாய்?" என்று கேட்கின்றன. அவர் கூச்சமே இல்லாமல் பேசிக்கொண்டே போகிறார். குரல் தண்ணீருக்குள் நீலமாகப் பரவுகிறது.

யாரும் கிள்ளவில்லை. அப்போதே அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

திரும்பும் வழியில் மழை விட்டிருந்தது. சிம்பாங் ரெங்கம் தாண்டியதும் எண்ணெய்ப்பனைகளுக்கு மேல் வானம் குங்குமப்பூ கலந்த பால் போல இருந்தது. படம் பார்த்துவிட்டுக் கார் ஓட்டுவதில் கிபாயத்துல்லாவைப் போலத் தெளிவான ஆள் கிடையாது.

"கேள்வியைக் கேளு" என்றார்.

"கொலை செஞ்சது யாருங்க?"

"டாக்டர்."

சம்சாத் பேகம் வெளியே திரும்பிப் பனைகளைப் பார்த்தார். தோள் லேசாகக் குலுங்கியது. அழுகிறாளோ என்று கிபாயத்துல்லாவுக்கு இரக்கமாக இருந்தது.

"அப்படியாங்க. எங்க பிடிச்சாங்க?"

"ரயில்வே ஸ்டேஷன்ல. மூணாவது பிளாட்பாரம்."

"அப்படியாங்க. பிடிச்சப்ப என்ன சொன்னாரு?"

"'உயிரைக் காப்பாத்தின கைக்கு எடுக்கவும் உரிமை இருக்கு'ன்னாரு. நல்ல வசனம்."

"அப்படியாங்க." சம்சாத் பேகம் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நீங்களே ஜெயிச்சுக்கங்க. இனிமே நீங்க தனி, நான் தனி."

தனியாகப் போனால் இரண்டாம் பாதியை யார் சொல்வார் என்று ஒரு கேள்வி அவர் மனசுக்குள் எட்டிப் பார்த்தது. எல்லாப் படத்துக்கும் ஏதாவது நாவல் வரும் என்று அதைச் சமாதானப்படுத்தி அனுப்பினார்.

மறுநாள் காலை மேசை நிறைந்திருந்தது. இந்த முறை, அதிசயமாக, ரவீந்திரனும் செல்லப்பனும்கூட முதல் நாளே பார்த்துவிட்டார்கள். அதனால் என்ன? இவர் புத்தகமே படித்தவர். தொண்டையைச் செருமினார்.

"கதைக்கு நாப்பதுக்கு முப்பத்தெட்டு. நல்லவர் மாதிரி இருந்து கடைசியில டாக்டர்தான் கொலைகாரன்னு காட்டினாங்க பாருங்க, அந்த இடத்துல அப்படியே உறைஞ்சுட்டேன்."

செல்லப்பன் ரவீந்திரனைப் பார்த்தார். ரவீந்திரன் கறிக் கிண்ணத்தைப் பார்த்தார்.

"பாய்," என்றார் செல்லப்பன், "டாக்டர் இடைவேளை முடிஞ்ச உடனேயே செத்துப்போயிட்டாரே."

"செத்துட்டாரா?"

"ஹெலிகாப்டர்ல இருந்து தள்ளி விட்டாங்களே. அவருக்கு ஒரு சோகப் பாட்டுகூட வந்துச்சே."

"நாவலை மாத்திட்டாங்க போல" என்றார் ரவீந்திரன், வாத்தியாருக்கே உள்ள கருணையோடு. "கொலைகாரன் யாருன்னா..." என்று ஆரம்பித்தவர், சங்கடப்பட்டு நிறுத்திக்கொண்டார். "நீங்க எந்த அரங்குல பாத்தீங்க, பாய்?"

"அலமாக்! ஐயோ!" என்று தலையில் கை வைத்தார் கிபாயத்துல்லா. சட்டைப் பொத்தானைப் பார்த்தபடி எழுந்தார். வீட்டுக்கு நடக்கும்போதுதான் மூளைக்குள் ஒரு விளக்கு எரிந்தது. டாக்டர் இல்லை என்றால் அவர் சொன்ன பதில் தப்பு. தப்பு என்றால் சம்சாத் அல்லவா ஜெயித்திருக்க வேண்டும்? ஜெயித்தவள் ஏன் தோற்றாள்?

பதில் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. சம்சாத் பேகம் நல்ல சேலை உடுத்தி, கைப்பையோடு, புதுச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மா குடையோடு தயாராக நின்றார்.

"எங்க போறே?"

"ஜொகூர் பாருவுக்கு. இன்னொரு படம் வந்திருக்காம். கிருஷ்ணம்மாவோட போறேன்."

"என்னை விட்டுட்டா?"

"நீங்க தனி, நான் தனின்னு நீங்கதானே சொன்னீங்க? இத்தனை வருஷமா ஒரு கண்ணால படத்தையும் ஒரு கண்ணால உங்களையும் பாத்தேன். இன்னைக்குத்தான் ரெண்டு கண்ணாலயும் படம்."

"நேத்து நான் சொன்ன பதில் தப்புன்னு உனக்குத் தெரியும்."

"நான் சரின்னு சொன்னேனா? அப்படியாங்கன்னுதானே சொன்னேன்." செருப்பை மாட்டி முடித்தார். "அது கிடக்கட்டும், புத்தகம் நல்லாயிருந்துச்சா? நீங்க ஜெயிக்கணும்னுதான் ஆப்ரினை அலைய விட்டு வாங்கி வரச் சொன்னேன். பாவம், மூணு கடை ஏறி இறங்கினா."

கிருஷ்ணம்மா குடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார்.

கிபாயத்துல்லா சுற்றிலும் ஒரு தூணைத் தேடினார். அடுக்குமாடி வீட்டு வாசலில் தூண் ஏது? குரலை இறக்கி, நாற்பது வருடத்தில் கேட்காத பணிவோடு கேட்டார்.

"சரி சம்சாத், நடந்தது நடந்துபோச்சு. மேசையில என் மானம் போயிட்டு நிக்குது. சாயங்காலம் வந்ததும் இந்தப் படத்துக் கதையையாவது முழுசாச் சொல்லிடு. நாளைக்குச் சமாளிச்சுக்குவேன்."

படியில் இறங்கத் தொடங்கிய சம்சாத் பேகம் நின்று திரும்பினார். "எதுக்குங்க உங்களுக்கு ரெட்டை வேலை? நாளைக்குக் காலையில நானே வந்து மேசையில சொல்றேன்னு ரவீந்திரன் வாத்தியார்கிட்ட சொல்லிட்டேன்."